கண்டம் தாண்டிய கண்ணாடி மாளிகை

கோடைதானே என்று மெல்லிய சட்டையோடு சான் பிரான்சிஸ்கோவில் இறங்கினால், கடலிலிருந்து ஏறிவரும் மூடுபனி பல்லைக் கிட்டவைத்துவிடும். அந்தக் குளிருக்கு நடுவே, கோல்டன் கேட் பூங்காவில், நம் மழைக்காட்டுப் புழுக்கம் ஒன்று அடைபட்டுக் கிடக்கிறது. வெள்ளை மரச்சட்டங்களும் கண்ணாடிகளும் கொண்ட 'கன்சர்வேட்டரி ஆஃப் ஃபிளவர்ஸ்'. உள்ளே நுழைந்ததுமே மூக்குக்கண்ணாடியில் ஆவி படிந்துவிடுகிறது. துடைத்துப் போட்டுக்கொண்டு நிமிர்ந்தால், குவிமாடத்தின் கீழே நூறு வயதைக் கடந்த பிலோடென்ட்ரான். நம் வீட்டு மணி பிளான்ட்டுக்கும் சேப்பங்கிழங்குக்கும் நெருங்கிய உறவு அது.

இந்த மாளிகையை வாங்கியவர் ஒரு பூங்காவுக்காக வாங்கவில்லை. ஒருகாலத்தில் பியானோ செய்துவந்த ஜேம்ஸ் லிக், 1848-ல் இந்த ஊருக்கு வந்து, யாரும் சீந்தாத நிலங்களை வாங்கிப்போட்டுக் கோடீஸ்வரரானார். சான் ஹோசேயில் இருந்த தம் தோட்டத்துக்காகக் கண்ணாடி மாளிகையைப் பாகம் பாகமாக வரவழைத்தார். 1876-ல் அவர் கண்மூடியபோது பெட்டிகள் பிரிக்கப்படவே இல்லை. லேலண்ட் ஸ்டான்ஃபோர்ட், சார்லஸ் க்ராக்கர் உள்ளிட்ட செல்வந்தர்கள் அவற்றை வாங்கி நகரத்துக்குக் கொடுத்தார்கள். மணல்மேடுகளைத் திருத்தி உருவாகிக்கொண்டிருந்த பூங்காவில், 1879-ல் மாளிகை திறக்கப்பட்டது.

நான்கே ஆண்டுகளில் முதல் கண்டம்: 1883-ல் தீப்பிடித்துக் குவிமாடம் நாசமானது. க்ராக்கர் 10,000 டாலர் கொடுத்துச் சீரமைத்தார். ஆனால் 1906-ல் நகரத்தையே புரட்டிப்போட்ட நிலநடுக்கத்தில் இந்தக் கண்ணாடிக்கூடு தப்பித்துக்கொண்டது! வீடிழந்தவர்கள் ஆயிரக்கணக்கில் இதே பூங்காவில்தான் கூடாரமடித்துத் தங்கினார்கள்.

என் கணிப்பில், மாளிகையின் தீராத பகை தீயோ நடுக்கமோ அல்ல. செடிகளுக்கு உயிர் கொடுக்கும் அதே ஈரம்தான். வெப்பமண்டலச் செடி செழிக்க ஓயாமல் நீராவி வேண்டும். அந்த நீராவி மரச்சட்டத்தின் மூட்டுகளில் இறங்கி, உள்ளுக்குள்ளேயே உளுக்க வைக்கும். வெளிப்பூச்சு பளபளவென்றிருக்கும், விரலால் அழுத்தினால் மரம் பொடியும். கட்டடம் பாதுகாப்பாக இல்லையென்று 1933-ல் மூடியவர்கள் 1946-ல்தான் திறந்தார்கள்.

அடுத்த அடி 1995 டிசம்பரில் விழுந்தது. மணிக்கு 160 கிலோமீட்டருக்கு மேல் சுழன்றடித்த புயலில் கண்ணாடிகளில் சுமார் 40 சதவீதம் நொறுங்கியது. பேணி வளர்த்த எத்தனையோ செடிகள் குளிரில் மடிந்தன. இடித்துத் தள்ளிவிட்டு இரும்பில் புதிதாக எழுப்பியிருக்கலாம். அப்படிச் செய்யாததற்காக அந்நகர மக்களைக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றுகிறது. சட்டங்களைக் கழற்றினார்கள். உளுத்ததை மட்டும் நீக்கி, தேறியதை வைத்துக்கொண்டு, மரத்தாலேயே மறுபடி பூட்டினார்கள். சுமார் 2.5 கோடி டாலர் செலவில் 2003 செப்டம்பரில் கதவு திறந்தது.

இன்று உள்ளே ஒரு குளமும் இருக்கிறது. அமேசான் ராட்சத அல்லியின் இலை தாம்பாளம்போல விளிம்பு மடித்து மிதக்கிறது. அடிப்பக்கம் முழுக்க முள். அதன் பூ முதல் இரவு வெள்ளை, மறுநாள் இரவு இளஞ்சிவப்பு. அதற்குக் கதகதப்பான தண்ணீர் வேண்டும். அந்த வெதுவெதுப்பிலிருந்து எழும் ஆவி இப்போதும் மரச்சட்டங்களில்தான் போய்ப் படிகிறது. ஆகவே பழுதுபார்க்கும் வேலைக்கு அங்கே முடிவே கிடையாது.