டெல்லி மைனாவும் டியூக் எலிங்டனும்

ஜாஸ் இசைக்குழுத் தலைவர் டியூக் எலிங்டன் 1963இல் இலங்கைக்கும் வந்தார். தன் நற்பெயரை வளர்க்க அமெரிக்க இராஜாங்கத் திணைக்களம் ஆசிய நாடுகளுக்கு அனுப்பிய பயணம் அது. கறுப்பினத்தவரான அவர் அந்தப் பயணத்தில் இருக்கையில்தான், செப்டெம்பர் 15ஆம் திகதி, அலபாமாவின் பேர்மிங்ஹாம் நகரில் தேவாலயக் குண்டுவெடிப்பில் நான்கு கறுப்பினச் சிறுமிகள் கொல்லப்பட்டனர். இந்த முரணை எமக்கு யாரும் விளக்கத் தேவையில்லை.

நவம்பரில் கென்னடி கொல்லப்பட்டதும் பயணம் இடையில் நின்றது. அதன் நினைவாக 'த ஃபார் ஈஸ்ட் சூட்' 1966 டிசெம்பரில் ஒலிப்பதிவாகி, அடுத்த ஆண்டு இசைத்தட்டாக வந்தது.

அதில் 'புளூபேர்ட் ஒஃப் டெல்லி'யை முதலில் கேளுங்கள். எலிங்டனோடு சேர்ந்து இசையமைத்த பில்லி ஸ்ட்ரேஹோர்ன் டெல்லியில் கேட்ட மைனாவின் குரல் அது. ஜிம்மி ஹமில்டனின் கிளாரினெட்தான் மைனா. எலிங்டன் வாத்தியத்துக்கு அல்ல, அதை வாசிக்கும் ஆளுக்கே எழுதுவார். அடுத்து 'இஸ்ஃபஹான்', ஜொனி ஹொட்ஜஸின் சாக்ஸபோன். (ஈரானிய நகரின் பெயர்தான், மெட்டு பயணத்துக்கு முன்பே எழுதப்பட்டது.)

கோயில் வீதியில் தவில் சமா கேட்டுப் பழகிய காதுக்கு இது அந்நியமில்லை. ஒருவர் வாசிக்க மற்றவர்கள் எப்போது விலகுகிறார்கள், எப்போது சேருகிறார்கள் என்று கவனித்தாலே போதும். கைத்தொலைபேசி ஸ்பீக்கரில் பாஸ் ஒலி காணாமற்போய்விடும், இயர்போனில் கேளுங்கள்.