குரத்தியரும் அவர்தம் மாணாக்கரும்

கழுகுமலைக்குச் செல்வோர் பலர் வெட்டுவான்கோயிலைக் கண்ட வியப்பிலேயே கீழிறங்கி விடுகின்றனர். அருகே பாறைமுகத்தில் வரிசை வரிசையாக விளங்கும் தீர்த்தங்கரர் திருமேனிகளின் கீழுள்ள சிறு வட்டெழுத்துப் பொறிப்புகளைப் படிப்போர் சிலரே. கி.பி. 8, 9ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்த அவற்றுள் பல, இன்ன ஊர் இன்னார் மாணாக்கர் செய்வித்த திருமேனி என்ற அளவில் நின்றுவிடும். தந்தை பெயரால் அறியப்படுவது உலக வழக்கு. இவர்களோ ஆசிரியர் பெயரால் அறியப்பட்டனர். குடியிற் பிறந்தவரைப் பள்ளி தன் மகவாக ஏற்றுக்கொண்டமைக்கு இதனினும் சான்று வேண்டா.

அவ்வாசிரியருள் பெண்களும் இருந்தனர். கல்வெட்டுகள் அவர்களைக் குரத்தியர் என்கின்றன. சிதறால் எனப்படும் திருச்சாரணத்து மலையில் பொன் அளித்த குணந்தாங்கிக் குரத்தி, அரிட்டநேமி படாரரின் மாணாக்கி. வந்தவாசிப் பகுதியிலுள்ள வேடலில் கனகவீரக் குரத்தியார் வாழ்ந்தார். அங்கு அவர்தம் மாணாக்கர் 500 பேர்க்கும் மற்றொரு சாரார்க்கும் பிணக்கு மூண்டதாம். (துறவோர் பள்ளியிலும் பூசல் உண்டு, ஆசிரியப் பணி செய்தோர்க்கு இது வியப்பன்று!) அப்போது அவ்வூரார், குரத்தியாரையும் அவர் மாணாக்கரையும் காத்து உணவளிப்பதாக உடன்பட்டனர். முதலாம் ஆதித்த சோழனின் 14ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு இது.

எம் ஊர் வேடலுக்கு அண்மையதே. பொழுது சாயுமுன் உண்ணவேண்டும் என்று எனக்கு எவரும் பாடம் சொல்லவில்லை. விளக்கேற்றும் வேளைக்குள் அம்மா அடுப்பை அணைத்துவிடுவார். அண்டை வீடுகளிலும் அவ்வாறே. காரணத்தை நான் ஏட்டில் கண்டது எம்.ஏ. பயின்ற காலத்தில்தான். அதற்குள் வயிறே அவ்வொழுக்கத்தைக் கற்றுவிட்டிருந்தது.

பொறியியல் பயிலும் என் பேத்தியின் விடுதியில் இரவு உணவு 7.30 மணிக்கு. முதலில் மாலையிலேயே பழமும் ரொட்டியும் உண்டு சமாளித்தாள். ஆறு திங்களுக்குப் பின் தோழியரோடு பந்தியில் அமர்ந்துவிட்டாள். "தனியா சாப்பிட ஒரு மாதிரியா இருக்கு தாத்தா" என்றாள். கடிந்துகொள்ள எனக்கு நா எழவில்லை. வேடலில் ஓர் ஊரே துணை நின்றது. இவளுக்கு உடன் உண்ண ஒருத்தியும் இல்லை.

சென்னை விடுதிகளில் தங்கிப் பயிலும் நம் பிள்ளைகளை அறக்கட்டளையார் கணக்கெடுப்பாராயின், மாலை ஐந்தரைக்குள் உணவளிக்க இசையும் இல்லங்களின் பட்டியலில் எங்கள் இல்லத்தையும் சேர்த்துக்கொள்ள வேண்டுகிறேன்.