ஸ்பிளாங்க்னிசோமாய்

புதிய ஏற்பாட்டுக் கிரேக்க வினைச்சொல். இரக்கத்தால் உள்ளம் உருகுதல் என்பது பொருள். உள்ளுறுப்புகளைக் குறிக்கும் 'ஸ்பிளாங்க்னா' என்ற பெயர்ச்சொல்லிலிருந்து பிறந்தது. அப்பெயர்ச்சொல், யூதாசின் சாவைச் சொல்லும் அப்போஸ்தலர் 1:18-இல் குடலையே குறிக்கிறது. பிலேமோனுக்கு எழுதிய சிறு நிருபத்திலோ பவுல் அதை அன்பு சுரக்கும் இடமாக மூன்று முறை ஆள்கிறார். வினைச்சொல் மத்தேயு, மாற்கு, லூக்கா நற்செய்திகளில் மட்டும் 12 இடங்களில் வருகிறது. பெரும்பாலும் இயேசுவே எழுவாய். லூக்காவின் மூன்று இடங்களை ஊன்றிப் படிக்க வேண்டும்: நாயீனில் ஒரே மகனைப் பறிகொடுத்த விதவை, குற்றுயிராய்க் கிடந்தவனைக் கண்ட சமாரியன், தூரத்தில் வரும் மகனைக் கண்ட தகப்பன். மூன்றிலும் கண் காண்கிறது, உள்ளம் உருகுகிறது, உடனே செயல் பிறக்கிறது: இயேசு பாடையைத் தொடுகிறார், சமாரியன் காயம் கட்டுகிறான், தகப்பன் ஓடிப்போய்க் கட்டிக்கொள்கிறான். வெறும் பரிதாபம் என்று பெயர்த்தால் போதாது. பழைய தமிழ் வேதாகமத்தின் 'மனதுருகி' மிக நெருங்கி வருகிறது.