படகுக் கித்தான் மறைப்புகளின் பிளாஸ்டிக் சன்னல்: மங்கலும் பராமரிப்பும்

உல்லாசப் பாய்மரப் படகுகளிலும் சிறு விசைப்படகுகளிலும் காற்றையும் மழையையும் அலைத் தெறிப்பையும் தடுக்கக் கித்தான் மறைப்புகள் கட்டப்படுகின்றன. அறைக்குள் இறங்கும் வழிக்கு முன்னால் வளைந்து நிற்பது டாட்ஜர். சுக்கான் பிடிப்பவரின் தலைக்கு மேல் விரிவது பிமினி. பிமினியைச் சுற்றி நாற்புறமும் திரை தொங்கவிட்டு முழுக் கூண்டாக மூடுவதும் உண்டு. முன்னும் பக்கமும் பார்க்க, இவற்றில் ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் தகட்டைச் சன்னலாக வைத்துத் தைக்கிறார்கள். அந்தத் தகடு மங்கினால் எதிரே வரும் படகும் மிதவைக் குறிகளும் கண்ணுக்குத் தப்பும். மாலை வெயில் எதிரே விழும்போது மங்கிய சன்னல் முழுவதும் வெள்ளையாக ஒளிர்ந்து, வெளியே ஒன்றும் தெரியாமல் போகும். ஆகவே இதை அழகுக் குறையாக எண்ணித் தள்ளிப்போடக் கூடாது.

பெரும்பாலான சன்னல்கள் நெகிழ் பிவிசி தகடுகள். இயல்பில் விறைப்பான பிவிசியில் நெகிழ்வூட்டிகளைக் கலந்து மிருதுவாக்கும் முறையை 1926இல் அமெரிக்க வேதியியலர் வால்டோ செமன் கண்டறிந்தார். படகுக்கு வழக்கமாக அரை மில்லிமீட்டர் முதல் ஒரு மில்லிமீட்டர் வரை தடிமனுள்ள தகடு பயன்படுகிறது. சுருளாக வருவது மலிவு, பார்வையில் சற்றே நெளிவு காட்டும். தட்டையாக அழுத்தி மெருகிட்டது தெளிவு மிக்கது. ஸ்ட்ராட்டாகிளாஸ் போன்ற வகைகளில் கீறலைத் தாங்கும் மேற்பூச்சும் உண்டு. சுருட்டத் தேவையில்லாத இடங்களில் அக்ரிலிக், பாலிகார்பனேட் தகடுகளும் பொருத்தப்படுகின்றன.

மங்கல் பல வகைப்படும். எந்த வகை என்று தெரியாமல் கைவைப்பதுதான் நல்ல சன்னலையும் கெடுக்கிறது. தண்ணீர் தெளித்துப் பார்ப்பது எளிய சோதனை. நனைந்ததும் தெளிவு திரும்பினால் கோளாறு மேற்பரப்பில் உள்ள நுண்கீறல்களில் இருக்கிறது. நீர் அவற்றை நிரப்பிவிடுவதால் ஒளி சிதறுவதில்லை. நனைந்த பின்னும் மஞ்சளாகவோ பழுப்பாகவோ தெரிந்தால் கேடு தகட்டின் உள்ளே இருக்கிறது. புற ஊதாக் கதிரும் வெப்பமும் பிவிசியிலிருந்து ஹைட்ரஜன் குளோரைடைப் பிரித்தெடுக்க, எஞ்சும் இரட்டைப் பிணைப்புத் தொடர்கள் நீல ஒளியை உறிஞ்சுகின்றன. அந்த நிறத்தை எந்தப் பாலிஷும் நீக்காது. நெகிழ்வூட்டி வெளியேறிய தகடு முதலில் பிசுபிசுக்கும், பிறகு சுருங்கி விறைத்து வெடிக்கும். இவற்றோடு சேராத ஒன்று, ஈரத்தை உறிஞ்சிப் பால்போல் வெளுப்பது. அது உலர்ந்தாலே தெளியும், தேய்க்க வேண்டியதில்லை.

நுண்கீறல்களுக்குப் பெருங்காரணம் காய்ந்த உப்பு. கடலிலிருந்து திரும்பியதும் துணியை எடுத்துத் துடைப்பது இயல்பான பழக்கம், ஆனால் அந்தத் துணி உப்புப் படிகங்களை இழுத்துக்கொண்டு தகடெங்கும் கோடு போடுகிறது. முதலில் நல்ல தண்ணீரைத் தாராளமாக ஊற்றி உப்பைக் கரைத்து ஓடவிட வேண்டும். அதன்பின் மென்மையான சோப்புக் கரைசலை வெறுங்கையாலோ மைக்ரோஃபைபர் துணியாலோ தடவி, மறுபடி கழுவி, ஈரத்தை ஒற்றி எடுக்க வேண்டும். காகிதத் துண்டு ஆகாது. அம்மோனியா கலந்த வீட்டுக் கண்ணாடித் துடைப்பான்கள், அசிட்டோன், தின்னர் ஆகியவை தகட்டையே அரிப்பவை. வெயில் பூச்சும் கொசு விரட்டியும் பட்ட கையால் சன்னலைத் தள்ளித் திறப்பதும் அதே கேட்டைச் செய்யும். விரல் பதிந்த இடம் நிரந்தரக் கறையாகிவிடும்.

பூச்சில்லாத பிவிசியில் மேற்பரப்புக் கீறலை மெருகால் குறைக்கலாம். இதற்கு மெக்வையர்ஸ் நிறுவனத்தின் 17ஆம் எண் பிளாஸ்டிக் துடைப்பு நெடுங்காலமாகப் பயன்பாட்டில் உள்ளது. அடுத்துப் பூசி முடிக்க 10ஆம் எண். நிழலில், தகடு குளிர்ந்திருக்கும்போது, சிறு சிறு பகுதியாகக் கையாலேயே தேய்க்க வேண்டும். சுழலும் இயந்திரத்தின் உராய்வுச் சூடு தகட்டை இளக்கிவிடும். பூச்சுள்ள தகட்டில் அரைக்கும் தன்மையுள்ள எதையும் தொடவே கூடாது. அது முதலில் பூச்சைத்தான் தின்னும். தயாரிப்பாளர் சொல்லும் திரவம் மட்டுமே அதற்கு உரியது.

வெயிலை மறைப்பதே மிகச் சிறந்த காப்பு. படகு நிற்கும் நாட்களில் சன்னலின் மேல் தனிக் கித்தான் உறை போட்டால் ஆயுள் கண்கூடாக நீளும். வெயிலில் சூடேறும் எஃகுக் குழாயில் தகடு நேரே உரசினால் பழுப்புத் தழும்பு விழும். குழாய்க்குத் துணி உறை தைத்துவிட வேண்டும். சுருட்டி வைக்கும்போது தகடு கழுவி உலர்ந்திருக்க வேண்டும், இடையில் மென்துணி விரித்திருக்க வேண்டும். கடுங்குளிரில் விறைத்த தகட்டை மடக்கினால் பிளந்துவிடும்.

அக்ரிலிக் கித்தான் திடமாக இருக்கும்போதே சன்னல் தீர்ந்துபோவது வழக்கம். அப்போது மறைப்பு முழுவதையும் புதிதாகச் செய்ய வேண்டியதில்லை. பழைய தகட்டைக் கழற்றாமல் அதன் மேலேயே புதியதை இருபக்க ஒட்டுநாடாவால் பொருத்தித் தைத்துவிட்டு, பிறகு உட்புறமிருந்து பழையதை வெட்டி எடுப்பார்கள். கித்தானின் வடிவம் கோணாது. தையல் துளைகள் நெருக்கமாக விழுந்தால் தகடு அந்தக் கோட்டிலேயே கிழியும் என்பதால் நீளத் தையலே நல்லது. வெயிலில் பாலியெஸ்டர் நூல் சில ஆண்டுகளில் நைந்துவிடும், பிடிஎஃப்இ நூல் விலை கூடினாலும் நைவதில்லை.