தில்லியில் பிறந்த கோட்பாடும் போபாலின் இழப்பீடும்

பிறர்க்கு விளைந்த தீங்கிற்குப் பொருளால் ஈடுசெய்யும் கடப்பாட்டை இந்திய நீதிமன்றங்கள் நெடுங்காலம் ஆங்கிலேயப் பொதுச் சட்டத்தின் வழிநின்றே அறுதியிட்டு வந்தன. பிறர் தவற்றால் உயிரிழந்தவரின் குடும்பத்தார் இழப்பீடு கோரும் உரிமையை 1855ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று வழங்கியது. ஆபத்தான பொருளைத் தன் நிலத்தில் தேக்கிவைத்தவன், அது வெளியேறி விளைத்த கேட்டிற்குப் பொறுப்பாவான் என்னும் விதியை 1868இல் இங்கிலாந்துப் பிரபுக்கள் அவை ரைலண்ட்ஸ் - பிளெட்சர் வழக்கில் உறுதிசெய்தது. ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக இத்தகைய விதிகளே போதுமானவையாகக் கருதப்பட்டன. 1984 டிசம்பர் 2ஆம் நாள் நள்ளிரவில் போபாலில் நிகழ்ந்த நச்சுவாயுக் கசிவு அக்கருத்தைத் தகர்த்தது. அதன் விளைவாகப் புதியதொரு பொறுப்புக் கோட்பாடு இந்திய மண்ணில் உருவாயிற்று. எனினும், எவர் துயரத்தை முன்னிட்டு அது உருவாயிற்றோ அவர்களுக்கு அதனால் பயன் விளையவில்லை. இம்முரண் நேர்ந்தவாற்றை இக்கட்டுரை ஆராய்கிறது.

கசிவும் சிறப்புச் சட்டமும்

யூனியன் கார்பைடு இந்தியா நிறுவனத்தின் பூச்சிக்கொல்லி ஆலையில் 610 எண்ணுடைய தொட்டியில் தண்ணீர் புகுந்தது. வேதிவினை மூண்டு ஏறத்தாழ 40 டன் மெத்தில் ஐசோசயனேட் வெளியேறியது. தொட்டியைக் குளிர்விக்கும் அமைப்பு பல மாதங்களாக நிறுத்தப்பட்டிருந்தது. வாயுவை எரித்தழிக்கும் கோபுரமும் பழுதுபார்ப்பின் பொருட்டுத் துண்டிக்கப்பட்டிருந்தது. இந்நிறுவனத்தின் பங்குகளில் 50.9 விழுக்காடு அமெரிக்கத் தாய் நிறுவனத்தின் கையில் இருந்தது என்பதை இவ்விடத்து நினைவிற்கொள்ளுதல் வேண்டும்.

1985 பிப்ரவரியில் அவசரச் சட்டமாகவும் மார்ச்சில் நாடாளுமன்றச் சட்டமாகவும் வந்த போபால் நச்சுவாயுக் கசிவு (கோரிக்கைகள் கையாளுதல்) சட்டம், பாதிக்கப்பட்டோர் அனைவர்க்காகவும் வழக்காடும் தனியுரிமையை நடுவண் அரசிடம் ஒப்படைத்தது. தம்மைத் தாமே காத்துக்கொள்ள இயலாதார்க்கு அரசே பெற்றோர் என்னும் பழைய சட்டக் கருத்து இதற்கு அடிப்படையாயிற்று. அமெரிக்க வழக்கறிஞர் பலர் போபாலுக்கு வந்து கட்டணப் பங்கு பேசி ஒப்பம் வாங்கிக்கொண்டிருந்த சூழலில் இந்த ஏற்பாடு ஏற்புடையதாகவே தோன்றியது. ஆயினும் இச்சட்டத்தால் பாதிக்கப்பட்டோர் தம் வழக்கில் தாமே பேசும் வாய்ப்பை இழந்தனர். பெற்றோராக நின்ற அரசின் நிதி நிறுவனங்களும் அந்த ஆலையின் பங்குதாரர் என்பது பின்னர் உச்ச நீதிமன்றத்திலேயே சுட்டிக்காட்டப்பட்டது.

அரசு முதலில் நியூயார்க்கில் வழக்கிட்டது. இத்தகைய பெருவழக்கைத் தாங்கும் திறன் இந்திய நீதிமன்றங்களுக்கு இல்லை என்று இந்திய அரசே வாதிட்டது. இந்திய நீதிமுறையின் மாண்பை எடுத்துரைத்து எதிர்வாதம் செய்தது கார்பைடு. அதற்கு ஆதரவாக நானி பல்கிவாலா உறுதிமொழி ஆவணம் அளித்தார். நீதிபதி கீனன் 1986 மே 12இல் வழக்கை இந்தியாவுக்கே திருப்பினார். அவ்வாண்டு செப்டம்பரில் அரசு போபால் மாவட்ட நீதிமன்றத்தை அணுகியது.

தில்லித் தீர்ப்பு

இதற்கிடையே 1985 டிசம்பர் 4இல் தில்லி ஸ்ரீராம் உணவு மற்றும் உரத் தொழிற்சாலையிலிருந்து ஓலியம் வாயு கசிந்தது. வழக்கறிஞர் ஒருவர் உயிரிழந்தார். எம்.சி.மேத்தா தொடுத்த வழக்கில் தலைமை நீதிபதி பி.என்.பகவதி தலைமையிலான ஐவர் அமர்வு, அவர் ஓய்வுபெற்ற நாளாகிய 1986 டிசம்பர் 20 அன்று தீர்ப்புரைத்தது. ரைலண்ட்ஸ் விதி பத்தொன்பதாம் நூற்றாண்டின் விதி. நவீன ஆலைகளுக்கு அது போதாது என்பது அமர்வின் துணிபு.

இரு விதிகளுக்கும் இடையிலுள்ள வேறுபாடு கருதத்தக்கது. ரைலண்ட்ஸ் விதியைக் கண்டிப்பான பொறுப்பு எனலாம். அதற்கு விலக்குகள் உண்டு. இயற்கைச் சீற்றம், மூன்றாமவர் செயல், பாதிக்கப்பட்டவரின் இசைவு போன்றவற்றைக் காட்டி எதிர்வாதி தப்பலாம். தில்லியில் வகுக்கப்பட்டதை முற்றுப் பொறுப்பு எனலாம். அதற்கு விலக்கே இல்லை. ஆபத்தான தொழிலை நடத்தி ஆதாயம் பெறுவோர் அதன் கேட்டையும் ஏற்கவேண்டும். நிறுவனத்தின் அளவும் வளமும் எவ்வளவோ அதற்கேற்பவே இழப்பீடும் அமையவேண்டும். போபாலில் தண்ணீர் புகுந்தது மனக்குறையுற்ற ஒரு தொழிலாளியின் சதி என்று கார்பைடு வாதிட்டதை எண்ணிப்பார்த்தால் இந்த வேறுபாட்டின் கனம் விளங்கும். முன்னதன்படி அது தப்பும் வழி. பின்னதன்படி பொருளற்ற வாதம்.

ஆனால் கோட்பாட்டை வகுத்த அமர்வு தில்லி வழக்கிலேயே இழப்பீடு எதனையும் வழங்கவில்லை. பாதிக்கப்பட்டோர் உரிய கீழ்நீதிமன்றங்களை நாடட்டும் என்று விட்டுவிட்டது. பிற்காலச் சிக்கலுக்கு இதுவே வித்து.

ஜபல்பூர் வரை

1987 டிசம்பர் 17இல் போபால் மாவட்ட நீதிபதி இடைக்கால நிவாரணமாக 350 கோடி ரூபாய் அளிக்க ஆணையிட்டார். மேல்முறையீட்டில், 1988 ஏப்ரல் 4இல், ஜபல்பூரில் மத்தியப் பிரதேச உயர் நீதிமன்றம் அதனை 250 கோடியாகக் குறைத்தது. தொகை குறைந்ததேயன்றி அடிப்படை வலுப்பட்டது. ஏனெனில் உயர் நீதிமன்றம் தில்லிக் கோட்பாட்டையே சான்றாகக் கொண்டது. போபால் வழக்கில் அக்கோட்பாடு உயிர்பெற்றது இங்கு மட்டுமே எனலாம்.

இவ்வாணையை எதிர்த்த முறையீடு நிலுவையில் இருந்தபோதே, 1989 பிப்ரவரி 14, 15 நாள்களில் உச்ச நீதிமன்றம் 47 கோடி டாலர் சமரசத்தை அறிவித்தது. அரசு கோரியிருந்தது 300 கோடி டாலருக்கும் மேல். பொறுப்பு எவருடையது என்னும் வினாவிற்கு விடையே இல்லாமல் வழக்கு முடிந்தது. குற்றவியல் நடவடிக்கைகளும் கைவிடப்பட்டன. மே 4இல் வெளியிட்ட காரண விளக்கத்தில் நீதிமன்றம் இறந்தோர் 3,000 பேர், நிரந்தர ஊனமுற்றோர் 30,000 பேர் எனக் கணக்கிட்டது. பின்னாளில் ஏற்கப்பட்ட கோரிக்கைகளின்படி இறந்தோர் 5,295 பேர்; பாதிக்கப்பட்டோர் 5 லட்சத்திற்கும் மேல். அன்றைய மதிப்பில் ஏறத்தாழ 715 கோடி ரூபாயாகிய அத்தொகையை இவ்வெண்ணிக்கையால் வகுத்தால் தலைக்குப் பதினைந்தாயிரம் ரூபாய்கூடத் தேறாது. எண்ணி முடிப்பதற்கு முன்பே ஈடு முடிவுசெய்யப்பட்டது என்பதே இதன் பொருள். பெற்றோராக நின்ற அரசு அதற்கு இசைந்தது, பாதிக்கப்பட்டோரைக் கேட்கவில்லை.

1991 அக்டோபர் 3இல் மறுஆய்வுத் தீர்ப்பு குற்றவியல் வழக்குகளை மீட்டளித்தது, சமரசத்தை உறுதிசெய்தது, தொகை குறைவுபடின் இந்திய அரசே ஈடுசெய்யவேண்டும் என்றது. தவறிழைத்த நிறுவனம் தரவேண்டியதை வரிசெலுத்துவோர் தரவேண்டும் என்றாயிற்று. அத்தீர்ப்பில் தலைமை நீதிபதி ரங்கநாத் மிஸ்ரா, தில்லியில் உரைக்கப்பட்ட கோட்பாடு வழக்கின் முடிவுக்கு இன்றியமையாததன்று, போகிறபோக்கில் கூறப்பட்ட கருத்தே என எழுதினார். தில்லி அமர்வின் ஐவருள் அவரும் ஒருவர்.

பிற்காலம்

1996இல் ராஜஸ்தானின் பிச்ரி கிராம மாசு வழக்கில் நீதிபதி ஜீவன் ரெட்டி இக்கருத்தை மறுத்து, தில்லிக் கோட்பாடு கட்டுப்படுத்தும் சட்டமே என்றார். அவ்வழக்கிலும் ஆலைகள் பணம் செலுத்தாமல் இழுத்தடித்தமையால், 2011இல் சுமார் 37 கோடி ரூபாயை வட்டியுடன் செலுத்துமாறு நீதிமன்றம் மீண்டும் ஆணையிட நேர்ந்தது. 2020 மே 7இல் விசாகப்பட்டினத்தில் ஸ்டைரீன் வாயு கசிந்தபோது தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் மறுநாளே 50 கோடி ரூபாயை முன்வைப்பாகச் செலுத்தச் செய்தது. இவ்விரைவு பாராட்டிற்குரியது. ஆனால் அவ்வாணை கையாண்ட சொல் 1868இன் கண்டிப்பான பொறுப்பே.

போபாலில் குற்றவியல் வழக்கின் பிரிவு 1996இல் கவனக்குறைவால் மரணம் விளைத்தல் என்னும் அளவிற்குத் தணிக்கப்பட்டது. 2010 ஜூன் 7இல் உயிருடனிருந்த எழுவர் ஈராண்டுத் தண்டனை பெற்றனர். அவ்வாண்டு இறுதியில், கூடுதலாக 7,400 கோடி ரூபாய்க்கு மேல் கோரி அரசு குறைதீர் மனு அளித்தது. 2023 மார்ச் 14இல் ஐவர் அமர்வு அதனைத் தள்ளுபடி செய்தது. வருங்காலப் பாதிப்புகளுக்காகக் காப்பீடு எடுக்குமாறு 1991இல் பணித்தும் அரசு எடுக்காதது பெருங்கவனக்குறைவு என அமர்வு குறித்தது. ரிசர்வ் வங்கியில் எஞ்சிக் கிடந்த 50 கோடி ரூபாயை நிலுவைக் கோரிக்கைகளுக்குப் பயன்படுத்துமாறும் பணித்தது.