கான்ஸ்தாந்திநோபிளில் இப்னு பதூதா: பெயரறியா வழிகாட்டிகள்

பயண நூல்களைப் பயிலும் நாம் பயணியின் பெயரை நினைவில் இருத்துகிறோம். அவருக்கு ஊரைக் காட்டியவரை மறந்துவிடுகிறோம். அயல்நாட்டு நகரம் ஒன்று தன் கதவுகளைத் தானாகத் திறப்பதில்லை. அவ்வூர் மொழியறிந்த ஒருவர் கைபிடித்து அழைத்துச் செல்ல வேண்டும். இதற்குச் சிறந்ததொரு சான்று, இப்னு பதூதா கான்ஸ்தாந்திநோபிளில் கழித்த ஒரு மாதமும் ஆறு நாள்களும் ஆகும்.

தான்ஜியரில் 1304இல் பிறந்து, 1325இல் ஹஜ்ஜை நாடிப் புறப்பட்ட இப்னு பதூதா, பிற்காலத்தில் நம் மாபர் நாட்டுக்கும் வந்து மதுரை சுல்தானின் விருந்தினராக இருந்தவர். அவர் சென்ற ஊர்களில் பெரும்பாலானவற்றில் காழிகளும் தைக்காக்களும் இருந்தன; அறபு மொழி பல இடங்களில் அவருக்குக் கைகொடுத்தது. பைஸாந்தியத் தலைநகரில் இவற்றுள் எதுவும் துணைநிற்கவில்லை. சற்று முன்னர்தான் கிரிமியாவின் கஃபா நகரில் தேவாலய மணியோசையை முதன்முதலாகக் கேட்டுத் திகைத்தவர் அவர்.

வோல்கா ஆற்றுச் சமவெளியை ஆண்ட உஸ்பெக் கானின் துணைவியருள் ஒருவரான பயலூன், பைஸாந்தியப் பேரரசரின் மகள். மகப்பேற்றுக்காகத் தாய்வீடு சென்ற அவருடைய பரிவாரத்தோடு நம் பயணியும் சென்றார். அந்த ஆண்டு 1332ஆ, 1334ஆ என்பதில் ஆய்வாளரிடையே கருத்து வேற்றுமை உண்டு. வாயிற்காவலர் அவரைக் கண்டதும் ‘சராசீனியர்’ எனக் குரலெழுப்பித் தடுத்தனர். அரசியின் முயற்சியால் அனுமதி கிடைத்தது. அவருக்கும் உடன்வந்தோருக்கும் எவரும் தீங்கிழைக்கலாகாது எனக் கடைவீதிகளில் பறைசாற்றப்பட்டது. மூன்று நாள்கள் அவர் விடுதியிலேயே இருந்தார்.

நான்காம் நாள் சுன்புல் என்ற இந்தியப் பணியாளர் வந்து, அவருடைய கையைப் பற்றி அரண்மனைக்கு அழைத்துச் சென்றார். அங்கே ஆயுதம் உண்டா எனச் சோதித்தபின், நால்வர் அவரை முன்னும் பின்னும் பிடித்துக்கொண்டு அவைக்குள் நடத்தினர். அஞ்சி நின்றவரிடம், இது இங்கு வருவோர் அனைவர்க்கும் உரிய வழக்கமே, அஞ்ச வேண்டா என அறபு மொழியில் தேற்றினார் ஒருவர். அவர் சிரியாவைப் பூர்வீகமாகக் கொண்ட யூத மொழிபெயர்ப்பாளர். எவ்வாறு முகமன் கூறுவது என நம் பயணி வினவியபோது, ஸலாம் சொல்லுமாறு அவரே அறிவுறுத்தினார். கிறித்தவப் பேரரசரின் அவையில், யூதர் ஒருவரின் அறிவுரைப்படி, முஸ்லிம் பயணி ஸலாம் உரைத்த காட்சி நம் சிந்தனைக்குரியது.

பேரரசர் ஜெரூசலத்தையும் புனிதப் பாறையையும் பெத்லகேமையும் பற்றி விரிவாக வினவினார். விடைகளால் மகிழ்ந்து, அங்கியும் குதிரையும் குடையும் வழங்கினார். தாம் காண்பவற்றைத் தம் ஊரில் சொல்லும் வகையில், நாள்தோறும் நகரைச் சுற்றிக்காட்ட ஒருவரைத் தருமாறு இப்னு பதூதா வேண்டினார். அவ்வாறே அறபு மொழி அறிந்த கிரேக்கர் ஒருவர் நியமிக்கப்பட்டார்.

அவருடன் கண்டவையே நூலின் செழுமையான பகுதி: கல் பாவிய அகன்ற தெருக்கள், தொழிலாளரிலும் விற்பனையாளரிலும் பெண்களே மிகுந்திருந்த கடைவீதிகள், நீர்ப்பரப்புக்கு அப்பால் ஜெனோவா, வெனிஸ் வணிகர் வாழ்ந்த கலாத்தா, எண்ணற்ற மடாலயங்கள்.

ஒருநாள் வழியில் கம்பளியுடுத்த, வெண்தாடி முதியவர் ஒருவர் கோலூன்றி நடந்துவந்தார். வழிகாட்டி குதிரையினின்று இறங்கி, இவரே துறவு பூண்ட முன்னாள் அரசர், இறங்குக என்றார். ஜெரூசலம் சென்றுவந்தவர் என அறிந்ததும் அம்முதியவர் பயணியின் கையைப் பற்றி, அப்புனித மண்ணை மிதித்த பாதங்களைத் தொட்டுத் தம் முகத்தில் தடவிக்கொண்டார். இருவரும் ஆயா சோபியாவை நெருங்கியபோது, உடன் நுழைய விழைவதாக இப்னு பதூதா தெரிவித்தார். நுழைவோர் அங்குள்ள பெருஞ்சிலுவையின் முன் சிரம்பணிய வேண்டும். முன்னோர் வகுத்த அவ்விதியை மீற இயலாது என விடை வந்தது. பயணி வெளியே நின்றுவிட்டார். தாம் உள்ளே காணவில்லை, புறத்தை மட்டுமே வருணிக்கிறேன் என நூலிலும் ஒளிவின்றிச் சொல்லிவிட்டார். தம் கொள்கையை விடாமலும் பிறர் விதியைப் பழிக்காமலும் அவர் நின்ற அந்த வாயில், 1453இல் பள்ளிவாசலின் வாயிலானது. 1935இல் அருங்காட்சியகமாகி, 2020இல் மீண்டும் பள்ளிவாசலானது.

இவ்வளவும் அப்படியே வரலாறாகுமா? பேரரசரின் பெயராக அவர் கூறும் ‘தக்ஃபூர்’ ஒரு பட்டமே. அப்போது ஆண்டவர் மூன்றாம் அந்திரோனிக்கஸ் (1328–1341). அவருடைய தந்தை 1320இலேயே இறந்துவிட்டார். துறவு பூண்ட இரண்டாம் அந்திரோனிக்கஸோ பாட்டனார். அவரும் 1332 பிப்ரவரியில் மறைந்தார். எனவே அந்த முதியவர் ஜிர்ஜிஸ் என்னும் முன்னாள் அரசர் என்பதை நாம் ஏற்பதற்கில்லை. வழிகாட்டி பிழைபடச் சொன்னாரோ, பயணி பிழைபட விளங்கினாரோ, 1355இல் நூல் நிறைவெய்தியபோது நினைவுதான் பிசகியதோ, நாம் துணிந்து சொல்வதற்கில்லை. பயணியின் அறிவு, அவருக்குத் துணைநின்றவரின் நாவையும் சார்ந்தது. அதன் வலிமையும் அதுவே, எல்லையும் அதுவே.

ஆயினும் பெயர் பிழைத்ததால் நிகழ்ந்த பரிவு பொய்யாகிவிடாது. சுன்புலின் பெயரைக் குறித்த இப்னு பதூதா, யூத மொழிபெயர்ப்பாளரின் பெயரையும் கிரேக்க வழிகாட்டியின் பெயரையும் நமக்கு விட்டுச்செல்லவில்லை. ஆனால் அவர்கள் செய்த உதவியை மறைக்காமல் பதிந்தார். அந்நேர்மையால்தான், சமயமும் மொழியும் வேறான மூவர் ஓர் அந்நியருக்கு ஊரைத் திறந்துவிட்ட செய்தியை ஏறத்தாழ எழுநூறு ஆண்டுகளுக்குப் பின்னும் நாம் அறிகிறோம். நம் ஊரை நாடி வரும் அயலாருக்கு நாம் யாராக இருக்கிறோம் என்ற வினாவையும் அது நம்முன் வைக்கிறது.