உலகப் பொதுமொழிகளும் ஆங்கிலத்தின் எதிர்காலமும்

ஆங்கிலம் பயிலாதவனுக்கு உத்தியோகமும் இல்லை, கடல் கடந்த பிழைப்பும் இல்லை என்று நம் சமுதாயப் பெற்றோர் இன்று கருதுகிறார்கள். அக்கருத்தில் பெரும் பிழை இருப்பதாகக் கூறுவதற்கில்லை. ஆனால் சிலர் இன்னும் ஒரு படி மேலே சென்று, "ஆங்கிலமே இனி என்றென்றும் உலகின் பொதுமொழி; ஏனைய மொழிகளைக் கற்பது காலவிரயம்" என்று பேசத் தலைப்பட்டிருக்கிறார்கள். இவ்வாறு பேசுவோர் சரித்திரத்தைச் சற்றுப் புரட்டிப் பார்த்தல் நலம். பல நாடுகளுக்குப் பொதுமொழியாய் விளங்கிய மொழிகளில் ஆங்கிலம் முதலாவதன்று. அதற்கு முன்பு அப்பீடத்தில் அமர்ந்து இறங்கிச் சென்ற மொழிகள் பல உண்டு.

கிறிஸ்து பிறப்பதற்கு ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன்னர், எகிப்து முதல் சிந்து நதி வரை பரவியிருந்த பாரசீகப் பேரரசின் அலுவல் மொழி பாரசீகமன்று. அரமேயம் என்னும் மொழியே அது. அப்பேரரசு அழிந்து கிரேக்கர் ஆட்சி ஏற்பட்ட பின்னரும் அம்மொழி உடனே மறைந்துவிடவில்லை. அசோக மன்னர் காந்தஹாரில் வெட்டுவித்த கல்வெட்டு ஒன்று கிரேக்கத்திலும் அரமேயத்திலும் இருக்கிறது. ஈஸா நபி (அலை) அவர்கள் பேசிய மொழியும் அரமேயமே. இன்றோ அதன் கிளைமொழிகளை ஒரு சிறு கூட்டத்தாரே பேசி வருகின்றனர்.

அடுத்து நமக்கு நெருக்கமான அரபு மொழியைக் காண்போம். முஸ்லிம்கள் ஷாமையும் இராக்கையும் வென்ற பின்னரும், ஏறத்தாழ அரை நூற்றாண்டுக் காலம் திமிஷ்கின் வரிக் கணக்குகள் கிரேக்கத்திலும், இராக்கின் கணக்குகள் பஹ்லவி மொழியிலுமே எழுதப்பட்டு வந்தன. கலீபா அப்துல் மலிக் இப்னு மர்வான் (ஆட்சி 685–705) அவர்கள் காலத்தில்தான் அவை அரபுக்கு மாற்றப்பட்டன. ஆயினும் அரபு உலகப் பொதுமொழியானதற்கு அரசாணை மட்டும் காரணமன்று. ஹுனைன் இப்னு இஸ்ஹாக் (809–873) போன்ற கிறிஸ்தவ அறிஞர்கள் பக்தாதில் அமர்ந்து கிரேக்க மருத்துவ நூல்களை அரபாக்கினார்கள். யூத அறிஞர் மைமோனிடஸ் (1138–1204) தம் தத்துவ நூலை அரபிலேயே எழுதினார். இத்தாலியில் பிறந்த ஜெரார்டு என்பார் தொலைடோ நகருக்குச் சென்று, அங்கே அரபு கற்று, இப்னு ஸீனாவின் மருத்துவப் பெருநூலை லத்தீனில் பெயர்த்தார். இன்று நம் பிள்ளைகள் விஞ்ஞானத்திற்காக ஆங்கிலம் கற்பது போலவே அன்று ஐரோப்பியர் அரபு கற்றனர்.

பின்னர் அறிவின் நடுவிடம் மேற்கே பெயர்ந்தது. விஞ்ஞான மொழி என்னும் இடமும் அரபை விட்டு நீங்கியது. எகிப்திலும் ஷாமிலும் அது மக்களின் தாய்மொழியாகவே ஆகிவிட்டது. ஈரானிலோ, 1010 ஆம் ஆண்டில் பிர்தௌஸி தம் ஷாநாமாவை முடித்தபோது, பாரசீகம் அரபு எழுத்தை ஏற்றுக்கொண்டு மீண்டும் எழுந்து நின்றதை உலகம் கண்டது. அரசும் வணிகமும் கைவிட்ட நாடுகளிலும் அரபு இன்றுவரை ஓதப்படுகிறதென்றால், அது திருக்குர்ஆனின் பரக்கத்தேயாகும். இத்தகைய காப்பு ஏனைய பொதுமொழிகளுக்கு வாய்க்கவில்லை.

இதற்கு நம் நாட்டிலேயே சான்று உண்டு. முகலாயர் காலத்தில் பார்ஸி ஹிந்துஸ்தானத்தின் அலுவல் மொழியாயிற்று. முஸ்லிம்கள் மட்டுமல்லர், ஹிந்துக்களும் அதனைக் கற்றுத் தேர்ந்தனர். ராஜாராம் மோகன் ராய் 1822 ஆம் ஆண்டில் பார்ஸியில் ஒரு பத்திரிகையே நடத்தினார். ஆற்காட்டு நவாப் முஹம்மத் அலீ வாலாஜா கம்பெனியாருடன் கடிதப் போக்குவரத்து நடத்தியதும் பார்ஸியில்தான். ஆங்கிலேய அதிகாரிகளே முன்ஷிகளை அமர்த்திப் பார்ஸி படித்தார்கள். அக்காலத்துத் தகப்பன் ஒருவனிடம், "உன் மகனுக்கு எந்த மொழி சோறு போடும்?" என்று கேட்டிருந்தால், தயங்காமல் பார்ஸி என்றே கூறியிருப்பான்.

1835 ஆம் ஆண்டில் மெக்காலேயின் குறிப்பு வெளிவந்தது. 1837 ஆம் ஆண்டின் 29 ஆவது சட்டம், நியாயஸ்தலங்களிலிருந்தும் வருவாய்க் கச்சேரிகளிலிருந்தும் பார்ஸியை அகற்றும் அதிகாரத்தைக் கவர்னர் ஜெனரலுக்கு அளித்தது. பல தலைமுறைகளாகச் சோறு போட்ட மொழி, ஒரே தலைமுறைக்குள் அலங்கார மொழியாகிவிட்டது. மிர்ஸா காலிப் (1797–1869) தம் பார்ஸிக் கவிதைகளையே பெரிதாக மதித்தார். மக்களோ அவருடைய உர்தூக் கவிதைகளையே நெஞ்சில் வைத்துக்கொண்டார்கள். நம் தமிழில் இன்று ஜாமீன், வாரிசு, வசூல், ஜமாபந்தி, தாசில்தார் முதலிய சொற்களாக மட்டுமே பார்ஸி ஆட்சியின் சுவடு எஞ்சியிருக்கிறது.

தமிழும் ஒரு காலத்தில் கடல் கடந்த துறைமுகமொன்றில் வணிக மொழியாக இருந்தது என்பதைப் பலர் அறியார். தமிழ் முஸ்லிம் மரபில் தோன்றிய மலாய் எழுத்தாளர் முன்ஷி அப்துல்லாஹ் (1796–1854), மலாக்காவில் தம் இளமையில் தாம் தமிழ் கற்பிக்கப்பட்டதைச் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகள் கணக்கெழுதவும் வணிகரோடு பேசவும் தமிழ் கற்பது அவ்வூர் வழக்கமாம். வணிகம் கைமாறியது; அவ்வழக்கமும் போயிற்று.

இனி ஆங்கிலத்திற்கு வருவோம். 1919 ஆம் ஆண்டின் வெர்சேல்ஸ் உடன்படிக்கையில்தான் அது ராஜதந்திரத் துறையில் பிரெஞ்சு மொழிக்குச் சமமான இடத்தைப் பெற்றது. பிரிட்டிஷ் சாம்ராஜ்யம் கலைந்த பின்னரும் அது தளரவில்லை. அமெரிக்காவின் செல்வமும் விஞ்ஞானமும் அதனைத் தாங்கின. 2020 இல் பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலகிய பின்னும் அங்கே ஆங்கிலம் அலுவல் மொழியாகவே நீடிக்கிறது. பிரெஞ்சு ஆட்சியில் இருந்த அல்ஜீரியா 2022 இல் ஆரம்பப் பள்ளிகளில் ஆங்கிலத்தைப் புகுத்தியது. அதனைத் தாய்மொழியாகப் பேசுவோரைவிட, கற்றுப் பேசுவோரே உலகில் மிகுதி. ஆகவே அது நாளையே மறைந்துவிடும் என்று எண்ணுவது பேதைமை.

ஆனால், கற்றுப் பேசுவோர் தேவை கருதிக் கற்றவர்கள். தேவை குறையுமானால் அவர்களுடைய மக்கள் அதனைக் கற்கமாட்டார்கள். ஒருவர் தம் மொழியில் பேச, மற்றவர் தம் மொழியில் அதனைக் கேட்கும்படி பெயர்த்துச் சொல்லும் யந்திரங்கள் இன்று வந்துவிட்டன. ஆங்கிலத்தின் இடத்தை வேறொரு மொழி பிடிக்காமலே அதன் தேவை சுருங்கவும் கூடும். பார்ஸி முன்ஷிகளுக்கு முன்னறிவிப்புக் கொடுத்துவிட்டுக் காலம் மாறவில்லை.

அவ்வாறாயின் நாம் செய்ய வேண்டுவது யாது? பெருமானார் (ஸல்) அவர்கள், யூதர்களின் எழுத்தைக் கற்குமாறு ஸைத் இப்னு தாபித் (ரலி) அவர்களைப் பணித்தார்கள். அவர்கள் அரைத் திங்களுக்குள் அதனைக் கற்றுக் கடிதங்களைப் படிக்கவும் எழுதவும் தொடங்கினார்கள் என்று ஹதீஸில் வந்துள்ளது. தேவையான மொழியைக் கற்பது ஸுன்னத்துக்கு முரணாகாது. நம் முன்னோரில் ஒரு சாரார் ஆங்கிலத்தை வெறுத்து ஒதுங்கினர். அதனால் உத்தியோகங்களில் நாம் பின்தங்கினோம். அலீகரில் 1875 ஆம் ஆண்டில் ஸர் ஸையித் அஹ்மத் கான் கல்லூரி கண்டது அக்குறையைப் போக்கவே. இன்று நாம் அதற்கு நேர் எதிரான பிழையைச் செய்துவருகிறோம்.

அண்மையில் எளியேன் சென்றிருந்த ஒரு வீட்டில், மூதாட்டி ஒருவர் அரபுத் தமிழ்க் கிதாபொன்றைப் பேழையிலிருந்து எடுத்து வந்தார். ஆங்கிலப் பள்ளியில் பயிலும் பேரன், குர்ஆன் ஓதிய பழக்கத்தால் எழுத்துக் கூட்டி வாசித்தான். நான்கு வரி சென்றதும், "பாட்டிமா, இது தமிழ்!" என்று கூவினான். ஆனால் அத்தமிழ்ச் சொற்களில் பாதிக்கு மேல் அவனுக்குப் பொருள் தெரியவில்லை. மூதாட்டி ஒவ்வொன்றாகச் சொல்லிக் கொடுத்தார். எழுத்து அறிந்த பேரனிடம் சொல் இல்லை. சொல் அறிந்த மூதாட்டிக்கோ கண் மங்கிவிட்டது. இருவரும் ஒன்றாக அமர்ந்ததால் ஒரு பக்கம் ஓதப்பட்டது.

அந்த மூதாட்டிக்குப் பின்னர் அக்கிதாபை ஓதுவோர் யார்? ஆங்கிலம் இருக்குமா, போகுமா என்பதைக் காலம் முடிவு செய்யட்டும். நம் தாய்மொழி இருக்குமா என்பதை முடிவு செய்யும் பொறுப்போ நம் வீடுகளில்தான் இருக்கிறது. பிள்ளைகளை ஆங்கிலம் படிக்க வையுங்கள். மஃரிபுக்குப் பின் ஒரு நாழிகையேனும் அவர்களைத் தமிழ் வாசிக்கச் செய்யுங்கள். வல்ல அல்லாஹ் நமக்கு அருள் புரிவானாக!